தரைக்கு அடியில் தண்ணீர் கசிகிறதா? கடப்பாரையை எடுப்பதற்கு முன்

சென்னை நங்கநல்லூரில் எங்கள் வீட்டு ஹாலில் முதல் முறை ஈரம் தெரிந்தபோது, ஈரம் தெரிந்த இடத்திலேயே உடைத்தோம். உள்ளே ஊறிப்போன மணல்தான் இருந்தது, குழாயே இல்லை. இரண்டாவதாக உடைத்த இடத்தில் குழாய் இருந்தது, ஆனால் கல்லு மாதிரி நன்றாக இருந்தது. மூன்று நாள், மூன்று குழி, இருபது டைல்ஸ் போன பிறகுதான் கசிவு சமையலறை மூலையில் ஒரு எல்போவில் (குழாய் திரும்பும் வளைவு இணைப்பு) என்று தெரிந்தது. அங்கிருந்து குழாயின் முதுகை ஒட்டியே தண்ணீர் பதினான்கு அடி நடந்து வந்து, ஹாலில் டைல்ஸ் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்திருக்கிறது. அதற்கப்புறம் மாமனார் வீடு, பெரியம்மா வீடு, நாங்கள் வாடகைக்கு விட்ட போர்ஷன் என்று ஆறேழு முறை இதே கதையைப் பார்த்தாகிவிட்டது. ஈரம் எங்கே என்று பார்ப்பதைவிட எப்போது என்று பார்ப்பதுதான் வேலைக்கு ஆகும்.

காரணம், நம் ஊர்த் தனி வீடுகளில் தரைக்கு அடியில் ஓடுவது ஒரே குழாய் இல்லை. தெருவிலிருந்து சம்புக்கு (தரைக்கு அடியில் கட்டிய தொட்டி) வரும் மெட்ரோ வாட்டர் லைன், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய், தண்ணீர் விடும் நேரத்தில் மட்டும் கசியும். சம்பிலிருந்து மாடி டேங்குக்குப் போகும் மோட்டார் லைன், மோட்டார் ஓடும்போது மட்டும். டேங்கிலிருந்து இறங்கும் லைன் இருபத்து நாலு மணி நேரமும். கழிவுநீர் லைன், குளித்தால், துவைத்தால், பாத்திரம் தேய்த்தால். இவ்வளவுதான் தெரிய வேண்டியது. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று நாளுக்கு எழுதி வையுங்கள்: மெட்ரோ தண்ணீர் வந்த நேரம், மோட்டார் போட்ட நேரம், ஈரம் கூடிய நேரம். பாதிக் கேஸ்கள் அந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈரம் வந்த அறையில் ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அடிக்கடி விழுகிறது, அல்லது சுவரைத் தொட்டால் சுருக் என்கிறது என்றால், பிளம்பரை அப்புறம் பார்க்கலாம். மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: யாரும் தண்ணீர் திறக்கவில்லை, டேங்க் மட்டும் குறைகிறது

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, காய்ந்த குச்சி ஒன்றை டேங்க் அடி வரை விட்டு எடுத்து, ஈரம் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். காலையில் யாரும் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன் மறுபடி அளங்கள். மூன்றரை அடி அகல வட்ட டேங்கில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 9 லிட்டர் போயிருக்கிறது. நாலைந்து சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் சந்தேகமே இல்லை, எங்கேயோ போகிறது.

குறைந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தரையை இல்லை, கக்கூஸை. ஃப்ளஷ் டேங்கில் அரை ஸ்பூன் கேசரிப் பவுடரைக் கலந்துவிட்டு அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடாதீர்கள். கோப்பையில் ஆரஞ்சு நிறம் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது, அவ்வளவுதான். பெரியம்மா வீட்டில் 'தரைக்கு அடியில பெரிய லீக் சார்' என்று ஒருவர் பிரேக்கரோடு வந்து நின்ற பிறகு நான் கண்டுபிடித்தது இந்த வாஷரைத்தான். கூடவே கீஸர் சேஃப்டி வால்வில் சொட்டு, சோலார் ஹீட்டரின் வெளியேற்றுக் குழாய், தோட்டத்து மூலையில் மறந்துபோன குழாய் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள்.

அதுவும் இல்லை என்றால் சம்பு மூடியைத் திறந்து காது கொடுங்கள். மோட்டார் ஓடாத நேரத்தில் உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டால், டேங்கில் ஏற்றிய தண்ணீரே மோட்டார் லைன் வழியாகத் திரும்பி இறங்குகிறது. ஃபுட் வால்வோ (சம்புக்குள் உறிஞ்சும் குழாயின் அடியில் இருப்பது) என்ஆர்வியோ (தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு) சரியாக மூடவில்லை, அத்தோடு டேங்குக்குள் விழும் குழாயின் வாய் தண்ணீருக்குள் முங்கியிருக்கிறது. வால்வை மாற்றுங்கள், குழாய் வாயையும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கி வையுங்கள்.

இதற்கும் அகப்படவில்லை என்றால் மொட்டை மாடியில் டேங்கிலிருந்து பிரியும் லைன்களை ஒவ்வொன்றாக மூடிப் பார்க்க வேண்டும், ஒரு ராத்திரிக்கு ஒரு லைன். சமையலறை லைனை மூடிய ராத்திரி டேங்க் குறையவில்லை என்றால் கசிவு அந்த லைனில். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பழைய கேட் வால்வு சுற்றினால் சுற்றும், மூடாது. மூடிய பிறகு கீழே போய் அந்த லைனின் குழாயைத் திறந்துவைத்து, சொட்டு நிற்கிறதா என்று பார்க்காமல் அந்த ராத்திரிக் கணக்கை நம்பாதீர்கள். நிற்கவில்லை என்றால் முதலில் அந்த வால்வைக் கழற்றிவிட்டு பால் வால்வு (ball valve, கால் சுற்றில் மூடுவது) போடுங்கள். எப்படியும் அது தேவைதான்.

எந்த லைன் என்று தெரிந்துவிட்டது, வெளிச் சுவரில் தெரியும் இணைப்புகள் எல்லாம் காய்ந்திருக்கின்றன என்றால், இதுதான் பிளம்பரைக் கூப்பிட வேண்டிய இடம். 'கையால் அடிக்கும் பிரஷர் பம்ப் இருக்கிறதா' என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். குழாய் வாய்களை எல்லாம் பிளக் போட்டு அடைத்து, பம்பில் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள்ளை அரை மணி நேரம் பார்த்தால் போதும். முள் இறங்கினால் கசிவு உறுதி. இறங்காவிட்டால் அந்த லைனைத் தொடவே வேண்டாம். பம்ப் இல்லாமல் அனுபவத்திலேயே சொல்லிவிடுகிறேன் என்பவரிடம் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் என் தரையைக் கொடுக்க மாட்டேன்.

அறிகுறி: மோட்டார் போட்டால்தான் ஈரம், அல்லது டேங்க் நிரம்ப நேரம் பிடிக்கிறது

நம் வீடுகள் பெரும்பாலானவற்றில் மெட்ரோ வாட்டருக்கு மீட்டர் கிடையாது. அதனால் தண்ணீர்க் கட்டணத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, ஈபி பில்தான் காட்டிக்கொடுக்கும். 1 ஹெச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 1 யூனிட். தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினால் இரண்டு மாத பில்லில் 60 யூனிட் ஏறும். முன்பு முக்கால் மணியில் நிரம்பிய டேங்குக்கு இப்போது ஒன்றரை மணி ஆகிறதா என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள்.

மேலே தண்ணீர் விட்டு விட்டு, காற்றும் தண்ணீருமாகத் துப்பித் துப்பி விழுகிறது, ஒவ்வொரு முறையும் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், கோளாறு சம்புக்கும் மோட்டாருக்கும் நடுவில். அங்கே ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அதனால் தரை காய்ந்தே இருக்கும். ஃபுட் வால்வில் குப்பை, யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) வாஷர், மோட்டார் சீல் என்று இந்த வரிசையில் பாருங்கள். மூன்றுமே சின்னச் செலவு.

தண்ணீர் ஒழுங்காக இழுக்கிறது, ஆனால் மேலே குறைவாக விழுகிறது, மோட்டார் ஓடும்போது தரை நனைந்து நிறுத்தினால் மெல்லக் காய்கிறது என்றால் மோட்டாருக்கு மேலே போகும் லைன். வீடு அடங்கிய நேரத்தில் மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைத் தரையில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு டைல்ஸாக நகருங்கள். 'ஸ்ஸ்' என்ற சீறல் ஓரிடத்தில் கூடும். டிவி, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். நான் ராத்திரி பதினொன்றரைக்கு ஹாலில் இப்படித் தவழ்ந்துகொண்டிருந்ததைப் பார்த்து மாமனார் ஒன்றும் கேட்கவில்லை, லைட்டை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

இந்த லைனுக்கு என் தீர்ப்பு ஒன்றுதான். உடைக்காதீர்கள். பழைய குழாயை இரண்டு முனையிலும் வெட்டி மூடி போட்டு அப்படியே மண்ணில் விட்டுவிட்டு, மோட்டாரிலிருந்து வெளிச் சுவர் மேலாகப் புதுக் குழாய் ஏற்றுங்கள். பார்க்க அழகாக இருக்காதுதான், ஆனால் அடுத்த முறை கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயாக இருந்தால் இதில் விவாதமே வேண்டாம். உப்புத் தண்ணீர் ஓடி ஓடித் துருப்பிடித்த குழாயில் ஓர் இடத்தை அடைத்தால் இரண்டடி தள்ளி அடுத்தது வாய் திறக்கும்.

அறிகுறி: சம்பு தானாகக் குறைகிறது, அல்லது தானாக ஏறுகிறது

மோட்டாரை நிறுத்தி, மெட்ரோ லைன் வால்வை மூடி, சம்புச் சுவரில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவிட்டு ஒரு நாள் விடுங்கள். ஆறடிக்கு ஐந்தடி சம்பில் ஓர் இஞ்ச் இறங்கினால் சுமார் 70 லிட்டர். அவசரப்பட்டு உடனே நிரப்பிவிடாமல் இன்னும் இரண்டு மூன்று நாள் இறங்க விட்டால் ஒரு மட்டத்தில் வந்து நின்றுவிடும். விரிசல் பெரும்பாலும் அந்த மட்டத்தில்தான் இருக்கும். குழாய் சுவரைத் துளைத்து நுழையும் இடம் அதே மட்டத்தில் இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நிற்காமல் கடைசி வரை இறங்கினால் அடித்தளம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இதுவே தலைகீழாக நடக்கும். எல்லாவற்றையும் மூடியிருக்கும்போதே சம்பு நிரம்பும். 'பரவாயில்லை, ஓசித் தண்ணீர்' என்று சந்தோஷப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். வெளியே இருக்கும் நிலத்தடி நீர், பக்கத்துச் சாக்கடைக் கசிவையும் சேர்த்துக்கொண்டு உள்ளே வருகிறது. அதைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள். விரிசல் வேலையை நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் பூசினால் பூச்சு பிடிப்பதற்குள் தண்ணீர் தள்ளிவிடும்.

சம்புக்குள் தனியாக இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். மூடியே கிடந்த சம்பில் மூச்சுக்குக் காற்று இல்லாமல் போகலாம், மேலே இருப்பவருக்கு அது தெரியாது. மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டு, மோட்டார் மெயினை அணைத்து, மேலே ஓர் ஆள் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆழமான சம்பு, வாய் சின்னது என்றால் அதற்கென்று சாதனத்தோடு வரும் ஆட்களிடம் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: சம்புத் தண்ணீரில் நாற்றம், கலங்கல்

மெட்ரோ தண்ணீர் விடாத நேரத்தில் அந்தக் குழாய் சும்மா இருப்பதில்லை. உள்ளே அழுத்தம் போனதும் ஓட்டை வழியாக வெளியே இருப்பதை உறிஞ்சுகிறது. பக்கத்தில் சாக்கடை சேம்பர் (கழிவுக் குழாய்கள் சேரும் மூடி போட்ட குழி) இருந்தால் சொல்லவே வேண்டாம். தண்ணீர் திறந்துவிடும் நாளில் சம்புக்குள் விழும் வாயிலேயே வெள்ளை பக்கெட்டை வைத்து முதல் பக்கெட்டைப் பிடியுங்கள், பத்து நிமிடம் கழித்து இன்னொன்று.

இரண்டும் தெளிவு என்றால் கோளாறு சம்பில், மேலே சம்பு பற்றிச் சொன்னதைப் பாருங்கள். முதல் பக்கெட் மட்டும் கலங்கல், அடுத்தது தெளிவு என்றால் உங்கள் வீட்டு இணைப்புக் குழாயில் ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுமே நாறுகிறது என்றால் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். அவர்களுக்கும் அப்படித்தான் என்றால் தெருக் குழாய், 1916க்குப் போன் போட்டு மெட்ரோ வாட்டரில் புகார் எண் வாங்கிவிடுங்கள். அந்த லைனில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்கள் உடனே நிறுத்துங்கள். அது சட்ட விரோதம் என்பது ஒரு பக்கம், ஓட்டை இருந்தால் சாக்கடையை இழுத்துக் குடிப்பது நீங்கள்தான்.

காம்பவுண்டுக்கு உள்ளே உங்கள் செலவு. ஒட்டுப் போடாமல் சேம்பரிலிருந்து விலக்கி, அதைவிட உயரமாகப் புது லைன் போட்டுவிடுங்கள். காம்பவுண்டுக்கு வெளியே ரோட்டில் நீங்களாக ஒரு கடப்பாரைகூடப் போடாதீர்கள், மெட்ரோ வாட்டர் வழியாகத்தான் போக வேண்டும். வேலை முடிந்ததும் சம்பையும் மாடி டேங்கையும் கழுவிக் குளோரின் போடும் வரை கேன் தண்ணீர்.

அறிகுறி: தரையில் ஓதம், சுவர் அடியில் உப்பு

ஆளை அதிகம் ஏமாற்றுவது இதுதான். சுவர் அடியில் ஓரடி உயரத்துக்குப் பெயிண்ட் உப்பி, விரலால் தட்டினால் வெள்ளைப் பொடியாக உதிரும். குழாய்க் கசிவாகவும் இருக்கலாம், பூமியின் ஈரமே சுவரில் ஏறுவதாகவும் இருக்கலாம்.

இரண்டடி சதுர பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்குக் கீழே முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் அடியிலிருந்து வருகிறது. தாளுக்கு மேலே மட்டும் பிசுபிசுப்பு என்றால் அது மார்கழிக் காற்று, அறைக்கு ஃபேன் போதும். அடியிலிருந்து வருகிறது, ஆனால் மழை மாதங்களில் மட்டும் என்றால் பெரும்பாலும் நிலத்தடி நீர். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அவசரத்தில் சுவரை ஒட்டியே குழி வெட்டிய வீடுகள் நிறைய. அந்தக் குழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சித்திரை வெயிலிலும் காயவில்லை என்றால்தான் குழாய்.

அப்போதும் ஏசித் தண்ணீர், வாஷிங் மெஷின் வெளியேற்று, ஃபிரிட்ஜ் தட்டு, இவை முதலில். அடுத்து ஈரச் சுவருக்குப் பின்னால் பாத்ரூம் இருக்கிறதா? நானி ட்ராப் (பாத்ரூம் தரையில் தண்ணீர் வெளியேறும் துளை) வாயைத் துணி சுற்றிய பந்தால் இறுக்கி அடைத்து, தரையில் இரண்டு இஞ்ச் தண்ணீர் கட்டி, வாசலில் சிமெண்ட் வரம்பு போட்டு, ஒரு நாள் விடுங்கள். மட்டம் இறங்கினால் டைல்ஸ் இடுக்கு அல்லது ட்ராப்பைச் சுற்றிய இணைப்பு. எப்பாக்ஸி கிரௌட்டில் (டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கலவை) பாதி சரியாகிவிடும். மட்டம் இறங்கவில்லை, ஆனால் அடைப்பை எடுத்துத் தண்ணீர் போன பிறகு சுவர் நனைகிறது என்றால் ட்ராப்புக்குக் கீழே இருக்கும் கழிவுக் குழாய். அது உடைக்கும் வேலைதான், மேஸ்திரியும் பிளம்பரும் சேர்ந்து வர வேண்டும்.

இடத்தைப் பொறுத்தும் மாறும். மாம்பலம், அண்ணா நகர் பக்கம் களிமண், கொஞ்சம் கசிந்தாலும் ஈரம் மேலே வந்து காட்டிக்கொடுக்கும். திருவான்மியூர், சாந்தோம் பக்கம் மணல் எவ்வளவு கசிந்தாலும் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். அங்கே தரை காய்ந்திருப்பதை நம்பாதீர்கள், டேங்கை அளங்கள்.

அறிகுறி: டைல்ஸ் டொக்கு டொக்கு என்கிறது, தரை இறங்குகிறது, பெருச்சாளி வருகிறது

டொக்கு சத்தம் மட்டும் என்றால் சிமெண்ட் சரியாகப் பரப்பாமல் ஒட்டிய டைல்ஸாக இருக்கலாம், அது பழைய கதை. புதிதாக வந்து, நாலைந்து டைல்ஸுக்குப் பரவி, இடுக்கில் கரப்பான்களும் வந்தால் அடியில் மண் போகிறது. பெரும்பாலும் கழிவுநீர்க் குழாய். பழைய வீடுகளில் இரண்டடிக்கு ஓர் இணைப்பு வைத்த பீங்கான் குழாய்கள், ஏதோ ஓர் இணைப்பு விலகியிருக்கும். பெருச்சாளி வளை தோண்டியிருந்தால் வளையின் போக்கைப் பாருங்கள், அது பல நேரம் நேராக உடைந்த இடத்துக்கே கூட்டிப் போகும். டிடெக்டர் வாங்கும் காசு மிச்சம்.

அடுத்த சேம்பரைத் திறந்து வைத்து, சந்தேகப்படும் கழிவுக் குழாயின் மேல் முனையில் ஒரு பக்கெட் கேசரிப் பவுடர் கலந்த தண்ணீரை ஊற்றுங்கள். வந்து சேர்வது பாதிதான், அல்லது வரவே இல்லை என்றால் நடுவில் உடைப்பு. சேம்பர் அடைத்திருந்தால் யாரையும் உள்ளே இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்லாதீர்கள். மனிதரைக் கொண்டு கழிவு அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஆள் போயும் விடுவார். தெரு லைன் அடைப்பு என்றால் 1916, இயந்திரம் வரும்.

கதவு நிலையில் உரசுகிறது, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது என்றால் பிளம்பரோடு நிறுத்தாதீர்கள். கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும் வரை தரையில் சுத்தியல்கூட வேண்டாம்.

அறிகுறி: தரையில் ஓரிடம் மட்டும் வெதுவெதுப்பு

நம் ஊரில் அபூர்வம், கீஸர் பாத்ரூமிலேயே இருப்பதால். மாடியில் சோலார் வைத்து சுடுநீரைத் தரை வழியாகக் கொண்டுபோன வீடுகளில் மட்டும் பாருங்கள். அந்த வால்வை ஒரு நாள் மூடினால் சூடு ஆறிவிடும், ஆறினால் அதுதான்.

சரி, உடைத்தே ஆக வேண்டும் என்றால்

கருவி வைத்துக் கண்டுபிடிப்பவர்களைக் கூப்பிடுவதாக இருந்தால் என்ன கருவி என்று கேளுங்கள். சத்தம் கேட்கும் கருவி அழுத்தம் உள்ள லைனுக்கு மட்டும், சாக்கடைக் குழாய்க்கு உதவாது. வெப்பக் காமிரா சுடுநீர் லைனுக்கு நன்றாக வேலை செய்யும், சாதாரணத் தண்ணீருக்கு நம் ஊர்ச் சூட்டில் நீலமாகத் தெரிவதெல்லாம் கசிவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. குழாயில் வாயு ஏற்றி மேலே மோப்பம் பிடிக்கும் முறைதான் பிடிகொடுக்காத கேஸ்களுக்கு நல்லது, செலவும் அதற்குத்தான் அதிகம். உடைப்பவர் யார், டைல்ஸ் திரும்ப ஒட்டுபவர் யார் என்பதை முன்பே பேசிவிடுங்கள். பிளம்பர் வேலை முடிந்து போன பிறகு குழியும் நீங்களும் மட்டும் பாக்கி இருப்பீர்கள்.

அந்த அறையின் மின்சாரத்தை அணைத்த பிறகே பிரேக்கர் ஓட வேண்டும், தரைக்குள் வயர் போகும் வீடுகள் உண்டு. குழாய் சிபிவிசி (சுடுநீரையும் தாங்கும் பிளாஸ்டிக்) என்றால் சிபிவிசிக்கான பசை, பிவிசி பசையை வைத்துச் சமாளிக்க விடாதீர்கள். வெட்டிய முனை துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும், ஒட்டிய பிறகு ஒரு நாள் தண்ணீர் விடக்கூடாது. 'ரெண்டு மணி நேரம் போதும் சார்' என்பார்கள். அந்த ஒரு நாளுக்கு பக்கெட்டில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டியதும் மறுபடி பிரஷர் பம்ப். முள் நின்றாலும் குழியை மூன்று நாள் திறந்தே வையுங்கள், பலகை போட்டு. மூடுவதற்கு முன், குழாய் ஓரமாக இஞ்ச் டேப்பை விரித்து, பக்கத்துச் சுவரும் தெரிகிற மாதிரி நாலு போட்டோ எடுத்துவிடுங்கள். போன் மாறும், போட்டோ தொலையும். நான் ஒரு பிரதியை பிரிண்ட் போட்டு ஈபி மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன், சமையலறைச் சுவரிலிருந்து குழாய் எத்தனை அடி என்று பேனாவால் எழுதி.